பெர்னாண்டோ என்னும் பெயர்: குர்துபாவிலிருந்து முத்துக்குளித்துறை வரை

சில மாதங்களுக்கு முன் தாம்பரம் பகுதியில் உள்ள எங்கள் பள்ளிவாசலில், ஜும்ஆ பயானில் அந்தலுஸின் வீழ்ச்சி பேசப்பட்டது. கிரனாடாவின் கடைசி அரசர் முஹம்மது, அல்ஹம்ராவின் சாவிகளை மன்னன் பெர்னாண்டோவிடம் ஒப்படைத்த காட்சியை ஹஸ்ரத் மனம் உருகச் சொன்னார்கள். தொழுகை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் தெருவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அருகே வந்தான். "மாமா, மாடி வீட்டு அங்கிள் பேரும் பெர்னாண்டோதானே? அவங்க எல்லாம் அந்த ராஜா வம்சமா?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அன்று காலை வரை மாமரத்துக் காய்களைப் பறித்துக் கொடுத்த ஒரு முதியவரை, ஒரே பயானுக்குப் பிறகு அவன் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

பெயர் ஒன்று மனிதர்களுக்கு இடையே சுவராக எழும்புவது புதிதன்று. எனவே அந்தப் பெயரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெர்னாண்டோ என்பது இலத்தீன் சொல்லும் அன்று, அரபுச் சொல்லும் அன்று. ஸ்பெயினை ஆண்ட விசிகோத்து என்னும் ஜெர்மானிய இனத்தாரின் மொழியிலிருந்து வந்தது. பயணம் என்று பொருள்படும் ஒரு வேரும், துணிவு என்று பொருள்படும் இன்னொரு வேரும் இணைந்து உருவானது என்பர். முதல் வேர் அமைதியைக் குறிக்கும் சொல் என்று கொள்வோரும் உளர். 711ஆம் ஆண்டு தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து சென்றபோது வீழ்ந்தது அந்த விசிகோத்து அரசுதான். ஆட்சி போயிற்று, பெயர்கள் வடபுலத்து மலைநாடுகளில் தங்கின.

அந்தப் பெயரைத் தாங்கிய இரு மன்னர்களை முஸ்லிம் உலகம் மறக்க இயலாது. மூன்றாம் பெர்னாண்டோ 1236இல் குர்துபாவையும் 1248இல் இஷ்பீலியாவையும் கைப்பற்றினார். இஷ்பீலியா முற்றுகையில் அவருக்குத் துணையாகக் குதிரைப்படை அனுப்பியவர் கிரனாடாவின் முஸ்லிம் அரசர் இப்னுல் அஹ்மர் என்பதை நம் பயான்களில் அதிகம் கேட்பதில்லை. செவில் பேராலயத்தில் உள்ள அம்மன்னரின் கல்லறையில் இலத்தீன், காஸ்டிலியம், எபிரேயம், அரபு ஆகிய நான்கு மொழிகளிலும் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாமவர் அரகான் நாட்டு மன்னர் பெர்னாண்டோ. 1492 ஜனவரி 2ஆம் நாள் கிரனாடாவைப் பெற்றுக்கொண்டவர் இவரும் இவர் துணைவி இசபெல்லாவுமே. முஸ்லிம்களின் மார்க்கமும் பள்ளிவாசல்களும் காக்கப்படும் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. பத்தாண்டுகள் முடிவதற்குள் அது கிழிந்தது. மதம் மாறு, அல்லது நாட்டை விட்டுப் போ என்ற கட்டளை வந்தது.

இங்கேதான் அந்த மாணவனின் கேள்விக்கு முதல் பதில் கிடைக்கிறது. கட்டாய ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களுக்குக் கிறித்தவப் பெயர்கள் சூட்டப்பட்டன. மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அவர்கள் வீட்டுக்குள் ஒரு பெயரும் வீதியில் ஒரு பெயருமாக வாழ்ந்தனர். 1567இல் அரபு மொழியையும் உடையையும் பெயர்களையும் தடை செய்யும் ஆணை அறிவிக்கப்பட்டது. பிரான்சிஸ்கோ நூனியஸ் முலேய் என்னும் மொரிஸ்கோ முதியவர் அதை எதிர்த்து ஒரு முறையீடு எழுதினார். பழைய குடும்பப் பெயர்களை அழித்துவிட்டால், யாருடன் பேசுகிறோம், யாரிடம் வாங்குகிறோம், யாருக்குப் பெண் கொடுக்கிறோம் என்பதை மக்கள் எவ்வாறு அறிவார்கள் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டார்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் உணர்த்துவதை ஓதியவர்களுக்கு, அந்த முதியவரின் கலக்கம் எங்கிருந்து பிறந்தது என்பது புரியும்.

முறையீடு ஏற்கப்படவில்லை. 1568இன் இறுதியில் அல்புஹாரா மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. தங்களுக்குத் தலைவராக மொரிஸ்கோக்கள் தேர்ந்தெடுத்த இளைஞர் உமைய்யா வம்சத்தவராகக் கருதப்பட்டவர். முஹம்மது இப்னு உமைய்யா என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். அதுவரை அவருடைய பெயர் என்ன தெரியுமா? பெர்னாண்டோ தே வாலோர். கிரனாடாவைப் பறித்த மன்னனின் பெயரைச் சுமந்தவரே கிரனாடாவின் முஸ்லிம்களுக்காக வாளெடுத்தார். மறு ஆண்டே தம் சொந்த ஆட்களின் கையால் கொல்லப்பட்டார் என்பது அந்த வரலாற்றின் கசப்பான எச்சம். 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் கப்பலேற்றி வெளியேற்றப்பட்டபோது, எத்தனை பெர்னாண்டோக்கள் மொராக்கோவிலும் துனீசியாவிலும் கரையிறங்கி மீண்டும் அப்துல்லாஹ்வாகவும் அஹ்மதாகவும் ஆனார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

இனி நம் கரைக்கு வருவோம்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளித்துறையில் பரதவர் கடலில் மூழ்கி முத்தெடுத்தனர். நம் மரைக்காயர்களும் குளிப்பவர்களாக, வணிகர்களாக, குத்தகைதாரர்களாக அங்கே செல்வாக்குடன் இருந்தனர். 1530களில் இரு சாராருக்கும் பெரும் மோதல் மூண்டது. காதணியோடு ஒருவரின் காது அறுபட்ட சம்பவத்திலிருந்து அது தொடங்கியதாக இயேசு சபையினர் எழுதிவைத்துள்ளனர். அவர்கள் எழுத்து ஒரு பக்கத்தின் எழுத்து என்பதை நினைவில் கொள்ள வேண்டும். போர்த்துகீசியர் மலபாரில் செய்த கொடுமைகளை ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' சொல்கிறது. அதுவும் படிக்கப்பட வேண்டும். ஆயினும் நம் தரப்பில் தவறே நடக்கவில்லை என்று சாதிப்பது நேர்மையாகாது. கடலோடு போராடி வாழ்ந்த எளிய மக்கள், கண் காணாத அந்நியரிடம் அடைக்கலம் தேடி ஓடும் அளவுக்கு நெருக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

கள்ளிக்கோட்டையிலிருந்து வந்த குதிரை வணிகர் ஜோவான் த குரூஸ் என்பவரின் ஆலோசனைப்படி பரதவர் தலைவர்கள் கொச்சிக்குத் தூது சென்றனர். 1536, 1537 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். 1538இல் வேதாளையில் நடந்த போரில் மரைக்காயர் கப்பற்படை போர்த்துகீசியரிடம் தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஸ்பெயினின் நவார்ரா நாட்டில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் இக்கரையில் வந்திறங்கினார்.

ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாக நின்ற போர்த்துகீசியரின் பெயர் புதியவருக்குச் சூட்டப்படுவது வழக்கம். அது மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. பர்னாந்து, மச்சாது, கோமஸ், மிராண்டா, வாஸ், ரொட்ரிகோ என்று இன்று தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் வீதிகளில் காணும் பெயர்கள் இவ்வாறு வந்தவை. குருதி வழி வந்தவை அல்ல. எங்கள் மாடி வீட்டு முதியவரின் உடலில் ஓடுவது முத்துக்குளித்துறையின் குருதி. ஸ்பெயின் மன்னனுக்கும் அவருக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

ஒரு சிறு நுட்பமும் உண்டு. ஸ்பெயினில் பெர்னாண்டோ பெரும்பாலும் பிள்ளைக்கு இடும் பெயர். குடும்பப் பெயராக அரிதே வரும். பெர்னாண்டோவின் மகன் என்னும் பொருளில் பெர்னாண்டஸ் என்பதுதான் அங்கே குடும்பப் பெயர். முதலெழுத்து தேய்ந்து ஹெர்னாண்டஸ் ஆனதும் அதுவே. கோவாவிலும் மங்களூரிலும் அந்த 'மகன்' வடிவம் நிலைத்தது. தமிழ்க் கரையிலும் இலங்கையிலும் மட்டும் தந்தையின் பெயரே மாறாமல் குலப்பெயராக நின்றுவிட்டது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் தமிழரிடையே இது தனித்துத் தெரிகிறது. நம்மிடையே மரைக்காயர், இராவுத்தர், லெப்பை என்று வழங்குவனவும் இப்படிப் பெயரின் பின்னால் நின்று மரபைச் சொல்பவையே.

தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் கொண்டுவந்து தாகம் தீர்த்த நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து இந்த மரபினர்தாம். அந்தக் குழாய்த் தண்ணீரை எல்லாச் சமயத்தாரும் குடித்தனர்.

இலங்கையில் இப்பெயர் இன்னும் பரந்தது. நீர்கொழும்பு, சிலாபம், மொரட்டுவை, பாணந்துறை என மேற்குக் கரை நெடுகிலும் பெர்னாண்டோக்கள் உள்ளனர். போர்த்துகீசியர் 1658இல் வெளியேற்றப்பட்ட பின்னரும் பெயர் போகவில்லை. பின்னாளில் பௌத்தத்துக்குத் திரும்பிய குடும்பங்கள்கூட அதை விடவில்லை. விகாரைக்குச் செல்லும் பெர்னாண்டோக்கள் அங்கே ஏராளம். நம்மவர்களுக்கும் அதே போர்த்துகீசியர் ஒரு பெயர் வைத்தனர். தம் நாட்டில் தாம் போரிட்ட முஸ்லிம்களை 'மூர்' என்று அழைத்தவர்கள், இலங்கையில் கண்ட சோனகர்களையும் அவ்வாறே அழைத்தனர். வடமேற்கு ஆப்பிரிக்காவின் பழங்குடிப் பெயர் அது. நம் சோனகச் சகோதரர்களுக்கும் மொராக்கோவுக்கும் இடையே பெருங்கடல்கள் கிடக்கின்றன. ஆனாலும் இலங்கையின் ஆங்கிலக் குடிக்கணக்கில் அவர்கள் இன்றும் 'மூர்'களே. மீனவருக்குப் பெர்னாண்டோ, வணிகருக்கு மூர். இரண்டும் ஒரே கப்பலில் வந்திறங்கிய பெயர்கள்.

பிலிப்பைன்ஸில் நடந்தது வேறு. அங்கே ஸ்பானியப் பெயர்கள் பெருமளவில் அரசாணையால் வந்தன. 1849இல் ஆளுநர் கிளவேரியா குடும்பப் பெயர்களின் அகராதி ஒன்றை வெளியிட்டு, மக்கள் அதிலிருந்து பெயர் ஏற்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ஊர் ஊராகப் பக்கங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், ஓர் ஊரார் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் விந்தையும் நேர்ந்தது. தெற்கே ஸ்பானியர் ஆட்சி முழுமையாக எட்டாத முஸ்லிம்கள் தம் பெயர்களைக் காத்துக்கொண்டனர். அவர்களுக்கு வாய்த்த பொதுப்பெயர் 'மோரோ'.

பெயர்கள் ஒரு திசையில் மட்டும் பயணிக்கவில்லை. மெதினா என்பது ஸ்பெயினில் பரவலான குடும்பப் பெயர். நகரம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லான மதீனாதான் அது. 1505இல் இந்தியாவுக்கு வந்த முதல் போர்த்துகீசிய ராஜப்பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே அல்மேய்தா, முஸ்லிம் கப்பல்களை விரட்டி அழிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தார். அவருடைய குடும்பப் பெயரின் தொடக்கத்தில் இருப்பது அரபியின் 'அல்'.

இங்கேயும் பாருங்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் பல்லாவரம், மீனம்பாக்கம் தாண்டினால் பரங்கிமலை வருகிறது. ஐரோப்பியரை அரபியர் இஃப்ரஞ்ச் என்றும் பாரசீகர் ஃபரங்கி என்றும் அழைத்தனர். அந்தச் சொல் தமிழில் பரங்கி ஆயிற்று. போர்த்துகீசியர் நமக்கு மூர் என்று பெயர் வைத்தனர் என்று வருந்தும்போது, அவர்களுக்கு இங்கே வழங்கிய பெயர் அரபு, பாரசீக வழியாக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மஹ்மூது பந்தர் என்றும் வழங்கப்பட்ட நம் முஸ்லிம்களின் ஊர் ஒன்று இன்று பரங்கிப்பேட்டை என்றே அறியப்படுகிறது. பரங்கிக்காயைக் கறி சமைத்து உண்ணும் எவரும் பெயரைப் பார்த்து ஒதுக்குவதில்லை.

மார்க்க அடிப்படையிலும் அந்தப் பிள்ளைக்கு ஒன்றைச் சொன்னேன். அபூ ஜஹ்லின் மகன் இக்ரிமா (ரலி) இஸ்லாத்தை ஏற்ற பின் சிரியப் போர்க்களத்தில் ஷஹீதானார்கள். நம் நூல்கள் அவர்களை இன்றுவரை இக்ரிமா இப்னு அபீ ஜஹ்ல் என்றே குறிக்கின்றன. தந்தையின் பெயரை யாரும் அழிக்கவில்லை. அந்தப் பெயரால் அந்த நபித்தோழரின் கண்ணியம் குறையவும் இல்லை.

தென்மாவட்டத்து மக்கள் பலருக்குச் சென்னையின் வாசல் தாம்பரம்தான். முத்துநகர் விரைவு ரயிலில் வந்து இங்கேயே இறங்கி, இங்கேயே வீடு கட்டியவர்களுள் எங்கள் மாடி வீட்டு முதியவரும் ஒருவர். ஒரு மாலையில் அந்த மாணவனை அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். பெயரைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "பெர்னாண்டோ எல்லாம் இங்க வந்த பெறவு வந்தது பாய். எங்க ஊர்ல பர்னாந்துதான். எங்க தாத்தா வள்ளத்துல முத்துக் குளிக்கப் போனவரு. சம்மாட்டி உங்க ஆளு, மரைக்காயர். வலிப்பு வந்து தாத்தா கடல்ல விழுந்தப்ப அவருதான் தூக்கிப் போட்டாராம்" என்றார்.

அவருடைய மகன் மிலானில் வேலை செய்கிறார். இத்தாலியில் இலங்கையிலிருந்து குடியேறிய பெர்னாண்டோக்கள் நிறையப் பேர் இருப்பதால், அங்குள்ளோர் இவர் மகனையும் இலங்கையர் என்றே எண்ணுகிறார்களாம். மத்தியதரைக் கடலோரத்திலிருந்து புறப்பட்ட பெயர் ஐந்நூறு ஆண்டுகள் சென்று அந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது. அங்கே அது அயலார் பெயர்.

நாங்கள் எழுந்தபோது உள்ளேயிருந்து பேத்தியைக் கூப்பிட்டுத் தேநீர்க் கோப்பைகளை எடுத்துப்போகச் சொன்னார். "பாத்திமா" என்று அழைத்தார். மாணவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். போர்த்துகல் நாட்டில் முஸ்லிம்கள் வாழ்ந்த காலத்தின் நினைவாக ஓர் ஊருக்கு அந்தப் பெயர் நிலைத்ததையும், 1917இல் அங்கே மரியன்னை காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புவதையும், அதனால் அவர்கள் தம் பெண்மக்களுக்கு அந்தப் பெயரை இடுவதையும் படியிறங்கும்போது அவனுக்குச் சொன்னேன். "நம்ம பாத்திமாவேதானா, மாமா?" என்று இருமுறை கேட்டான்.

ரமளானில் நோன்புக் கஞ்சி வாளியை அந்த மாடிக்கு எடுத்துச் செல்லும் வேலையை இந்த ஆண்டு அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.