கோரையும் அறுகும்: விட்டுப்போன வளவை மீட்பது எப்படி?

மீள்குடியேறிய ஊர்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது, காணி உறுதி, வீட்டுத்திட்டம் என்ற பேச்சுகளோடு சேர்த்து நான் கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "எத்தனை தரம் பிடுங்கினாலும் இந்தக் கோரை போகுதில்லை." 1990இல் இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளிலும், வன்னியில் பற்றை வெட்டித் துப்புரவாக்கிய வளவுகளிலும் இதே கதைதான்.

கொத்த முன்னர்

வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி முழுமையாக முடிந்துவிடவில்லை. உங்கள் காணி சோதிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, பொலிசாருக்கு (119) அறிவியுங்கள். பற்றைக்கும் குப்பைக்கும் நெருப்பு வைப்பதும் அப்படியான இடத்தில் ஆபத்து.

கோரை

கோரையின் பலம் மண்ணுக்குள் இருக்கிறது. அதன் சிறு கிழங்குகள் சங்கிலிபோலத் தொடுத்திருக்கும். பெரும்பாலானவை மேல் 15 சென்ரிமீற்றருக்குள். கையால் இழுத்தால் புல் அறுந்து கிழங்கு உள்ளே தங்கும். ஒருமுறை கொத்திவிட்டு நிறுத்தினால் சங்கிலி துண்டாகி, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கும்.

ஆடி, ஆவணி வெயிலில் கொத்திப் புரட்டி, கிழங்குகளை மேலே காய விடுங்கள். பொறுக்கக்கூடியதைப் பொறுக்கி அகற்றுங்கள். மழையோடு மிச்சம் முளைக்கும். முளைத்து மூன்று கிழமையளவில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும் என்பதால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை தவறாமல் வெட்டுங்கள். ஒவ்வொரு முளைக்கும் கிழங்கின் சேமிப்புத்தான் செலவாகிறது. அது தீரும்வரை விடக்கூடாது.

அறுகு

அறுகு மண்ணுக்கு மேலும் கீழும் ஓடும். ஒவ்வொரு கணுவும் புதுச் செடியாகும். உழவு இயந்திரம் அதைத் துண்டுகளாக்கி வளவு முழுக்கப் பரப்பிவிடும். அலவாங்கால் மண்ணை நெகிழ்த்தி, கொடியை நீளமாக உருவி எடுங்கள். ஈரத்தோடு பசளைக் கிடங்கில் போடாதீர்கள். சீமெந்துத் தரையில் நன்றாகக் காய விடுங்கள்.

நிழல்

இரண்டுக்கும் வெயில் வேண்டும். துப்புரவாக்கிய இடத்தை வெறுமையாக விடாமல் வத்தாளை, பூசணி, கௌபி போன்றவற்றை நெருக்கமாக நட்டு நிலத்தை மூடுங்கள். அறுகு இருந்த இடத்தில் பனையோலை, தென்னோலையைத் தடிப்பாகப் பரப்பலாம். கோரையின் கூர்முளை மெல்லிய பொலித்தீனையும் துளைத்து வரும். அங்கே மூடுவதோடு வெட்டுவதும் தொடர வேண்டும்.

களைநாசினி அடிக்க நினைப்பவர்கள் கிணற்றை முதலில் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே விடுவது நிலத்தடி நீரில் கலக்கக்கூடும். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம்.

முழு வளவையும் ஒரே தரத்தில் பிடிக்காதீர்கள். கிணற்றடியில் நாலு பாத்தி அளவு இடத்தை ஒரு வருடம் விடாமல் பார்த்து, அது துப்புரவான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.