கொல்கத்தா மைதானத்தின் அயல்நாட்டு ஆட்டக்காரர்கள்

1980 சீசன் தொடங்கும் நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கும்பலாக வேறு கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள். பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி ஏறக்குறைய புதிதாக ஓர் அணியைக் கட்ட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில்தான் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று ஈரானியர்கள் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நஸ்ஸிரி, மஹ்மூத் கபாஸி. மஜீத் 1978 உலகக் கோப்பைக்குப் போன ஈரான் அணியில் இருந்தவர்.

வெளியாட்களை இறக்கி ஆடவைப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது தப்பி வந்தவர் ஃபிரெட் பக்ஸ்லி. ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தா லீகையும் ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் முதன்முறையாக ஒரே ஆண்டில் வென்ற 1945இல் முன்வரிசையில் ஆடியவர். அடுத்து வந்தது நம் தென்னாட்டுக் கூட்டம். அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான், வெங்கடேஷ் என்ற ஐவரைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்றே வங்காளிகள் இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் மஜீத் அளவுக்குக் கொல்கத்தாவைக் கிறுக்குப் பிடிக்க வைத்த அயல்நாட்டவர் அதற்கு முன் இல்லை. நடுக்களத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, தடுக்க வருபவரை ஏமாற்றிப் போகும் அந்த ஆட்டத்தைப் பார்க்கவே கூட்டம் வந்தது. ‘மைதானத்தின் பாதுஷா’ என்று பட்டம் கட்டினார்கள். அந்த ஊரின் கால்பந்து வெறி எவ்வளவு ஆபத்தானது என்பதும் அதே 1980இல் தெரிந்தது. ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் கலவரமும் நெரிசலுமாகி 16 ரசிகர்கள் இறந்தார்கள்.

செப்டம்பரில் ஈரான் – ஈராக் போர் மூண்டது. சில வாரங்களில் மஜீத்தின் சொந்த ஊரான கோரம்ஷஹர் ஈராக் படையின் கைக்குப் போனது; 1982 மே மாதம்தான் மீண்டது. கேலரியில் ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லிக் கூவுகிறார்கள், ஊரிலோ குண்டு விழுகிறது. இருபதுகளில் இருந்த ஓர் இளைஞன் இந்த இரண்டையும் ஒன்றாகச் சுமந்தான். 1982இல் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு மாறிய பிறகு போதைப் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது, ஆட்டம் தேய்ந்தது, ஒருநாள் ஈரானுக்கே திரும்பிப் போனார். அவரைக் கொண்டாடிய அளவில் கால்வாசியாவது யாராவது அவரைக் கவனித்திருக்கலாம் என்ற ஆதங்கம் பழைய ரசிகர்களிடம் இன்றும் உண்டு. அது நியாயமான ஆதங்கம்தான். 2019 ஆகஸ்டில் கிளப்பின் நூற்றாண்டு விழாவுக்கு அவர் வந்தபோது, நள்ளிரவு தாண்டியும் விமான நிலைய வாசலில் பெருங்கூட்டம் காத்து நின்றது. அவர்களில் பலர் மஜீத் ஆடியதைப் பார்த்தே இராதவர்கள்.

ஜம்ஷித்தின் கதை வேறு. அதே அலிகார், அதே கிளப்புகள், அதே போர். அவர் கொல்கத்தாவிலேயே தங்கினார், குடும்பம் அமைந்தது, பயிற்சியாளரும் ஆனார். மகன் கியான் நஸ்ஸிரி 2022 ஜனவரி 29 அன்று மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தந்தை ஆடிய ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவே ஏ.டி.கே. மோகன் பகானுக்காக ஹாட்ரிக் அடித்தார்.

நைஜீரியாவின் சீமா ஒகோரியும் படிப்புக்காக இந்தியா வந்தவர். 1980களில் முகமதன், பிறகு ஈஸ்ட் பெங்கால். அயல்நாட்டவரைச் சேர்ப்பதில்லை என்று நெடுங்காலம் விறைப்பாக நின்ற மோகன் பகான் 1991இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டது இவருக்காகத்தான். இடையில் ஐரோப்பாவில் ஆடிவிட்டுத் திரும்பினார். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,000 பேருக்கு மேல் திரண்ட ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், 4–1 என்று தோற்ற மோகன் பகானின் ஒரே கோல் அவருடையது. 1999இல் வந்த பிரேசிலின் ஹோசே பரேட்டோ ஊரோடு ஒன்றிப்போனார்; ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் ‘பச்சைக் கிளி’.

பெரிய கிளப்புகளுக்கு வெளியேயும் பிழைப்பு உண்டு. 2019இல் பியர்லெஸ் அணி கொல்கத்தா லீகை வென்றது. 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே வென்றதற்குப் பிறகு மூன்று பெரிய கிளப்புகள் அல்லாத ஓர் அணிக்குக் கோப்பை போனது அப்போதுதான். முன்வரிசையில் லைபீரியாவின் அன்சுமானா க்ரோமா. லீகில் இடம் கிடைக்காத ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களுக்கு மிஞ்சுவது ‘கேப்’ எனப்படும் கூலி ஆட்டம். மாவட்டத்து ஊர்களில் அறுவடை முடிந்ததும் போட்டிகள் தொடங்கும். ஒலிபெருக்கியில் வர்ணனை, கோட்டை ஒட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்த கூட்டம், ஆட்டம் முடிந்ததும் பேசிய பணம் கையில். லோக்கல் ரயில் பிடித்து இரவோடு இரவாகக் கொல்கத்தா திரும்பி, மறுநாள் இன்னோர் ஊர், இன்னோர் அணி. ஒப்பந்தம் கிடையாது, முழங்கால் போனால் சிகிச்சைச் செலவு அவர்கள் தலையில்தான்.