கதிரவனும் கைவிளக்கும்



ஒளிப்படக் கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கமராவைப் பற்றியும் வில்லையைப் பற்றியுமே பேசுவர். ஆயினும் அக்கலைக்கு உயிராய் நிற்பது ஒளியேயாகும். 1839 ஆம் ஆண்டில் வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல் ஆங்கிலத்தில் வழக்கிற் கொணர்ந்த அதன் பெயரும், கிரேக்கச் சொற்களின்படி, ஒளியால் எழுதுதல் என்றே பொருள்படும். எழுதுகோல் ஒளியாயின், எந்த ஒளியைக் கொண்டு எழுதுவது? வானத்துக் கதிரவன் தரும் ஒளிக்கு இசைந்து நடப்பதா? அன்றி, மனிதன் தானே ஆக்கிக்கொண்ட விளக்கை ஏந்தி இருளினுட் புகுவதா? இது தொழில் தெரிந்தோர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு வினா என்று நாம் எண்ணக்கூடும். இக்கலையின் வரலாற்றைச் சற்று நோக்கினால், மனிதன் சக மனிதனை எவ்வாறு நோக்குகிறான் என்னும் பெரு வினாவும் இதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

தொடக்கத்திலே தெரிவு என்பதற்கே இடமிருக்கவில்லை. கதிரவன் ஒருவனே ஒளி தந்தான். பிரான்சு நாட்டைச் சேர்ந்த நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827 ஆம் ஆண்டிலே தம் வீட்டு மேல்மாடி யன்னலின் வழியே தெரிந்த காட்சியை, நிலக்கீல் பூசிய உலோகத் தகடொன்றிற் பதித்தார். இன்று எஞ்சியுள்ள ஒளிப்படங்களுள் மிகப் பழையது அதுவே. அத்தகடு ஒளியை ஏற்று முடிக்க எட்டு மணி நேரமேனும் சென்றது. அதற்குள் ஞாயிறு வானத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் சென்றுவிட்டமையால், கட்டடங்களின் இரு பக்கங்களிலும் வெயில் விழுந்தாற்போல அப்படம் தோற்றுகிறது. எந்த ஒரு கணத்திலும் எந்தக் கண்ணும் கண்டிராத காட்சி அது. இயற்கை ஒளியிற் பிடித்த படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்று கூறுவோர், முதற் படமே அதற்கு விலக்காய் அமைந்ததை நினைவிற் கொள்ளுதல் நன்று.

1839 ஆம் ஆண்டிலே டாகேர் என்பவரின் முறை வெளியிடப்பட்டது. 1841 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் றிச்சட் பியர்ட் என்பவர் இலண்டன் மாநகரிலே, றோயல் பொலிரெக்னிக் நிறுவனத்தின் மேற்றளத்தில், மக்களைப் படம் பிடிக்கும் நிலையமொன்றைத் திறந்தார். மேற்றளத்தை அவர் நாடிய காரணம் வெளிப்படை. ஒளி அங்கேதான் தடையின்றிக் கிடைத்தது. கூரைக்கு நீல நிறக் கண்ணாடி பொருத்தப்பட்டிருந்தது. அக்காலத் தகடுகள் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன. ஆதலால், அந்நிறக் கண்ணாடி படத்திற்குப் பெரும் ஊறு செய்யாமல், அமர்ந்திருப்போரின் கண் கூசாமற் காத்தது. பின்னர் ஐரோப்பிய நகரங்களிலே தோன்றிய நிலையங்கள் பலவும் வடதிசை நோக்கிய கண்ணாடிச் சுவர்களைக் கொண்டிருந்தன. அந்நாடுகளில் வடபுறத்தே நேர்வெயில் விழுவது அரிது. மென்மையான, மாறுதல் குறைந்த ஒளி நாள் முழுவதும் கிடைக்கும். ஆயினும் முகில் மூடினாலும் பனிப்புகை சூழ்ந்தாலும் தொழில் தடைப்பட்டது. படம் பிடிப்பிக்க வந்தவர், தலையின் பின்னே இரும்புத் தாங்கியொன்று முட்டுக்கொடுத்து நிற்க, அசையாமல் அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த அசையாமையைத் தண்டனையாகக் கொள்ளாது, அதனை ஒரு பேறாக மாற்றிய பெருமாட்டி ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் 1815 ஆம் ஆண்டு பிறந்த ஜூலியா மார்கரெட் கமறன் அம்மையாரே அவர். நம் நாட்டு வரலாறு கற்றோர்க்குக் கமறன் என்னும் பெயர் புதிதன்று. கோல்புறூக் – கமறன் சீர்திருத்தங்கள் என நாம் படிப்பவற்றில் நீதித்துறை பற்றிய விதப்புரைகளைச் செய்த சாள்ஸ் ஹே கமறன் இவ்வம்மையாரின் கணவராவர். 1863 ஆம் ஆண்டு, தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த கமராவைக் கொண்டு அம்மையார் இக்கலையைத் தாமே கற்றார். இங்கிலாந்தின் வைற் தீவில் இருந்த தம் இல்லத்திலே, கோழிகளை அடைத்து வைத்த கண்ணாடிக் கொட்டில் அவருக்கு ஒளிப்பட நிலையமாயிற்று. நிலக்கரி வைத்த அறை இருட்டறையாயிற்று. ஏனையோர் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளியை வேண்டி நின்ற காலத்தில், அவர் திரைகளை இழுத்து ஒளியை மறைத்து, ஒரு புறத்தே வரும் ஒளியை மட்டும் முகத்தில் விழச் செய்தார். அவர் முன்னே அமர்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க நேர்ந்தது. அக்கலைக்குப் பெயரிட்ட ஹேர்ஷல் அவர்களையே 1867 ஆம் ஆண்டில் அவர் இவ்வாறு படம் பிடித்தார். சூழ்ந்த இருளிலிருந்து முதிய முகமும் வெண்மயிரும் எழுந்து வருவதைப் போன்ற அப்படம் இன்றும் போற்றப்படுகிறது.

1875 ஆம் ஆண்டில் கமறன் தம்பதியர் தமது கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்து குடியேறினர். களுத்துறையில் அவர்கள் இல்லத்திற்கு 1877 ஆம் ஆண்டளவில் வந்த ஓவியர் மரியான் நோத், தாம் அங்கே படம் பிடிக்கப்பட்ட வகையை நகைச்சுவையோடு எழுதி வைத்துள்ளார். கம்பளி ஆடையைப் போர்த்தி, தென்னோலைகள் தலையிற் குத்த, உச்சி வெயில் ஓலை இடுக்குகளால் கண்ணிற் பட்டுக்கொண்டிருக்க, 96 பாகை வெப்பத்தில், இயல்பாக இருக்கும்படி அவருக்குக் கூறப்பட்டதாம். இயற்கை ஒளியும் எப்போதும் இரக்கமுள்ளதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஓவியர் இசைந்தே நின்றார். இசையாதவர் ஒருவரை அக்காலக் கமராவாற் பிடித்தல் இயலாது. அவர் தலையைச் சற்றுத் திருப்பினாலே படம் கலைந்துவிடும். கமறன் அம்மையார் 1879 ஆம் ஆண்டு ஜனவரியில் இந்நாட்டிலேயே காலமானார். பொகவந்தலாவையிலுள்ள கோவில் வளவில் கணவரும் மனைவியும் துயில்கின்றனர்.

இனி விளக்கின் கதைக்கு வருவோம். கதிரவன் எட்டாத இடங்களைக் காட்ட வேண்டும் என்னும் வேட்கை சிலரை முன்னமே பற்றியிருந்தது. பாரிஸ் நகரத்தின் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் நதார் 1861 ஆம் ஆண்டிலே செயற்கை ஒளியாற் படம் பிடிக்கும் முறைக்கு உரிமை பெற்று, அந்நகரின் நிலக்கீழ்ச் சுரங்கங்களிற் புகுந்தார். பழைய இடுகாடுகளிலிருந்து அகற்றப்பட்ட எலும்புகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நிலத்தின் மேலே மின்கலங்களை நிறுத்தி, நீண்ட கம்பிகளைக் கீழே இறக்கி, வில் விளக்கை ஏற்றிப் படம் எடுத்தார். சில படங்களுக்குப் பதினெட்டு நிமிடம் வரை சென்றது. எலும்புகள் பொறுத்திருந்தன, உயிருள்ள தொழிலாளர் அத்துணை நேரம் அசையாதிருத்தல் ஆகுமோ? ஆதலால் தொழிலாளரின் உடை அணிவித்த பொம்மைகளை அங்கே நிறுத்தினார். பின்னர் மகனீசியக் கம்பியை எரித்து ஒளி பெறும் முறை வந்தது. 1865 ஆம் ஆண்டில் வானியலாளர் பியாசி ஸ்மித் அவ்வொளியைக் கொண்டு எகிப்தின் பெரிய பிரமிட்டின் உள்ளறைகளைப் படம் பிடித்தார். இவை யாவும் கல்லையும் எலும்பையும் காட்டிய முயற்சிகள். வாழும் மனிதரின் இருள் இன்னும் தீண்டப்படவில்லை.

அதனைத் தீண்டியது 1887 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் ஆக்கிய பளிச்சொளித் தூள். மகனீசியத் தூளோடு வேறு இரசாயனங்களைக் கலந்த அது, தீப்பட்டவுடன் ஒரு கணத்திலே பேரொளி வீசி அணையும். இச்செய்தியைப் பத்திரிகையிற் படித்து உவகை கொண்டவர் நியூயோர்க் நகரின் நிருபர் ஜேக்கப் றீஸ். டென்மார்க்கில் 1849 ஆம் ஆண்டு பிறந்து, 1870 இல் அமெரிக்கா சென்று, வேலையின்றி அலைந்து, பொலிஸ் விடுதிகளிற் படுத்துறங்கிய அனுபவம் அவருக்கு உண்டு. நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளில் ஏழைகள் படும் துயரை அவர் எழுத்தில் வடித்தும், நகரம் அசையவில்லை. இப்போது அவர் கையில் விளக்கு வந்தது. நள்ளிரவில் நண்பர்களோடு அக்குடியிருப்புகளிற் புகுந்தார். முதலில் தூளைக் கைத்துப்பாக்கி போன்ற கருவியால் வெடித்தார். மக்கள் அஞ்சி ஓடினமையால், பொரிக்கும் தாச்சியொன்றில் தூளை இட்டுக் கொளுத்தலானார். ஒருமுறை பார்வையற்றோர் தங்கியிருந்த மேலறையொன்றிற் படம் எடுத்தபோது சுவரிற் கிடந்த காகிதங்களும் கந்தைகளும் தீப்பற்ற, அவர் தனியராய் நின்று அதனை அணைத்ததை அவரே எழுதியுள்ளார்.

1890 ஆம் ஆண்டிலே அவர் நூல் வெளிவந்தது. இரவொன்றுக்கு 5 சதம் கொடுத்து, காற்றில்லா அறையில் ஒருவர்மேல் ஒருவராய்க் கிடந்தவர்களை வசதி படைத்தோர் முதன்முறை கண்டனர். அக்காட்சி வீண்போகவில்லை. 1896 இல் தியடோர் ரூஸ்வெல்ற் பொலிஸ் ஆணையாளராய் இருந்தபோது இழிநிலையிலிருந்த பொலிஸ் விடுதிகள் மூடப்பட்டன. மல்பெரி வளைவு என்னும் கொடிய சேரி இடிக்கப்பட்டு, 1897 இல் அவ்விடத்தே பூங்கா திறக்கப்பட்டது. கதிரவனுக்குக் காத்திருந்தால் இவ்வறைகளை எந்நாளும் எவரும் கண்டிரார்.

ஆயினும், நேயர்களே, அப்படங்களை மீண்டும் உற்றுநோக்குங்கள். உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்த கண்கள் அங்கே உள்ளன. படம் எடுக்கலாமா என அவர்களை எவரும் கேட்டிலர். களுத்துறையிலே தென்னோலையின் கீழ் நின்ற ஓவியருக்கு மறுக்கும் உரிமை இருந்தது. நியூயோர்க்கின் ஏழைக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. கதிரவனை நம்பியவன் தன் முன்னே இருப்பவரின் பொறுமையையும் நம்ப வேண்டியிருந்தது. கணத்தில் எரியும் தூளைக் கையிற் கொண்டவனுக்கோ எவருடைய இசைவும் தேவைப்படவில்லை. செயற்கை ஒளி தந்த பேராற்றல் இதுவே. அதன் பேராபத்தும் இதுவே.

அவ்வாறெனின் விளக்கைக் குறை கூறுவதா? அதற்கு விடையளிப்பார் லூயிஸ் ஹைன் என்னும் ஆசிரியர். 1908 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கத் தேசியச் சிறுவர் உழைப்புக் குழுவுக்காக அவர் ஆலைகளையும் சுரங்கங்களையும் படம் பிடித்தார். இருண்ட இடங்களில் அவரும் அதே பளிச்சொளித் தூளையே பயன்படுத்தினார். ஆலைக்குள் நுழைவதற்குச் சில வேளைகளில் முதலாளிகளிடம் வேறு வேடமும் புனைந்தார். ஆயின் சிறுவரிடம் அவர் பேசினார். அவர்களின் பெயரையும் வயதையும் வேலை நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். தம் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாய்க் கொண்டு அவர்களின் உயரத்தை மதிப்பிட்டார். அவர் படங்களிற் பலவற்றிலே சிறுவர் நம்மை நேர்நின்று நோக்குகின்றனர்; திடுக்கிட்ட பார்வை அங்கே அரிது. 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்கா நாடளாவிய தொழிற் சட்டத்தாற் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தியதற்கு அப்படங்களும் வழிசமைத்தன. ஒளி ஒன்றே, அதை ஏந்திய முறை வேறு.

1929 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே பளிச்சொளிக் குமிழ் விற்பனைக்கு வந்தது. புகையும் தீயும் நீங்கின. 1930களில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரல்ட் எட்ஜேட்டன் மின்னணுப் பளிச்சொளியை வளர்த்து, கண்ணுக்குத் தெரியாத கணங்களையும் படத்தில் நிறுத்தினார். பாய்ந்து செல்லும் துப்பாக்கிக் குண்டையும் சிதறும் பாற்றுளியையும் கதிரவனைக் கொண்டு அவ்வாறு காட்டியிருத்தல் அரிது. அதே காலத்திலேயே பிரான்சின் கார்த்தியே பிரெசோன் சிறிய லைக்கா கமராவோடு தெருவில் இறங்கி, பளிச்சொளியைத் தமக்கு வேண்டாமென ஒதுக்கினார். இருக்கும் ஒளியைக் குலையாது விடுதல் அங்குள்ள மனிதருக்குச் செய்யும் மரியாதை என்பது அவர் கொள்கை. ஆராய்ச்சிக் கூடத்தில் எட்ஜேட்டன் கொண்ட விளக்கும், தெருவிலே பிரெசோன் அதனை விலக்கியதும் தத்தம் இடத்திற் பொருந்தியவையே.

இன்று அவ்விளக்கு நம் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் உள்ளது. கைத்தொலைபேசி ஒரு கணத்தில் ஒளி வீசுகிறது. விளக்கின்றியே இருளிற் படம் எடுக்கும் ஆற்றலையும் அது பெற்றுவிட்டது. வகுப்புப் படம் எடுக்கும் நாளிலே மாணவரைக் காலை வெயில் ஏறுமுன் மரநிழலில் வரிசையாய் நிறுத்தி, கடைசிப் பிள்ளை கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்த படப்பிடிப்பாளரை நம்மிற் பலர் அறிவோம். அந்தக் காத்திருத்தல் இன்று தேவையற்றதாயிற்று. அதனாலேயே, மரண வீட்டிலும் மருத்துவமனைக் கட்டிலருகிலும் வெள்ளத்தால் இடம்பெயர்ந்தோர் தங்கும் மண்டபத்திலும் கேளாமலே படம் எடுத்தல் இயல்பாகிவிட்டது.

கதிரவனா, கைவிளக்கா என்று வினவுவோர்க்கு வரலாறு கூறும் விடை எளியது. பொறுமைக்கும் மென்மைக்கும் யன்னலோரத்து ஒளியை நாடுங்கள். மறைத்து வைக்கப்பட்ட துயரை உலகறியச் செய்ய வேண்டுமாயின் விளக்கை ஏந்தத் தயங்காதீர்கள். எதனைத் தெரிந்தாலும், அவ்வொளி விழப்போகும் முகத்திற்குரியவரை முதலில் ஒரு சொல் கேளுங்கள். பழைய கமராக்கள் தம் குறைபாட்டினால் நம்மீது சுமத்திய அந்த ஒழுக்கத்தை, இனி நாமே விரும்பி மேற்கொள்ள வேண்டியவர்களாகின்றோம்.