தாம் ஆட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

அரசர்தம் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்றாகின்றன. வீட்டுத் திண்ணையிலே பாட்டனும் பேரப்பிள்ளையும் எதிரெதிர் அமர்ந்து ஆடும் ஆட்டத்துக்கோ அத்தகைய சான்று கிடைப்பது அரிது. கரியால் வரைந்த கட்டங்கள் ஒரு மழையில் அழிந்துபோம். காயாக வைத்த கல்லும் புளியங்கொட்டையும் ஆட்டம் முடிந்தபின் வெறுங்கல்லும் கொட்டையுமேயாகும். ஆகவே, வீட்டு விளையாட்டுக்களின் வரலாற்றை ஆராய்வோர் சிதறிய சில குறிப்புக்களைக் கொண்டே முடிவு காணவேண்டியவராகின்றனர். இலங்கையிலே ‘தாம்’ என வழங்கும் ஆட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

தாம் ஆட்டம் அறுபத்துநான்கு கட்டமுள்ள பலகையில் ஆடப்படுவது. ஒருவருக்குப் பன்னிரண்டு காய்கள். அவை கருங்கட்டங்களில் மட்டுமே நின்று மூலைவாட்டாக முன்னேறும்; எதிரியின் காயைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் இறங்கி அதனை வெட்டும். எதிர்க்கரையை அடைந்த காய் பின்னோக்கிச் செல்லும் உரிமையும் பெறும். கவறு உருட்டலும் குருட்டு நல்வாய்ப்பும் இதில் இல்லை. அறிவொன்றே கருவியாதலின் வயதும் வலிமையும் இங்கே பயன்படா.

இவ்வாட்டம் ஒருவரால் ஒருகாலத்திலே இயற்றப்பட்டதன்று. வெட்டும் முறை ஓர் ஆட்டத்திலிருந்தும், பலகையும் பெயரும் வேறோர் ஆட்டத்திலிருந்தும் வந்து கூடியமையால் உருவானதே இது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. இவற்றை முறையே நோக்குதல் தகும்.

தாண்டி வெட்டும் முறைக்கு மூலமாகக் கொள்ளப்படுவது ‘அல்கெர்க்கே’ என்னும் ஆட்டம். கஸ்தீலிய மன்னன் பத்தாம் அல்பொன்சோவின் ஆணையால் செவில் நகரிலே கி.பி. 1283இல் நிறைவெய்திய விளையாட்டு நூலில் இது படத்துடன் விளக்கப்பட்டுள்ளது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் 25 புள்ளிகளில் ஒருவருக்குப் பன்னிரண்டாக 24 காய்களை அடுக்க, நடுப்புள்ளி மட்டும் வெறிதாய் நிற்கும். இவ்வாட்டத்தின் பெயர் ‘அல்கிர்க்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். கி.பி. 967இல் இறந்த அபுல் பரஜ் அல் இஸ்பஹானியின் நூலிலேயே அப்பெயர் காணப்படுதலின், அராபியர் வழியாகவே இது ஸ்பானிய நாட்டை அடைந்ததென்பது பொருந்தும்.

இதனினும் தொன்மை கூறுவாரும் உளர். எகிப்து நாட்டின் குர்னா என்னுமிடத்திலுள்ள பழங்கோயிலின் கூரைக்கற்களிலே இத்தகைய கோட்டுருவங்கள் உள்ளமையை ஹென்றி பாக்கர் என்பார் எடுத்துக்காட்டினார். அக்கோயில் முதலாம் சேத்தியின் காலத்தது. ஆதலின் ஆட்டமும் மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது எனப் பின்வந்த நூலோர் பலர் எழுதினர். ஆயின், கோயிலின் காலம் வேறு, அதன் கல்லிலே கீறிய கோட்டின் காலம் வேறு. கட்டி முடிந்து பன்னூறாண்டு கழிந்தபின் ஏறிய ஒருவனும் அங்கே கீறியிருத்தல் கூடும். அக்கற்களிலே கிறித்தவச் சிலுவைக் குறிகளும் காணப்படுகின்றமை இவ்வையத்தை வலியுறுத்துகின்றது. நம் பொருளுக்குப் பழமை தேடும் ஆர்வம் சான்றின் அளவை மீறலாகாது என்பதற்கு இது நல்ல பாடம்.

அடுத்து, பலகையும் பெயரும். இவை சதுரங்கத்தின் கொடை. இந்திய சதுரங்கத்தில் அரசனை அடுத்து நின்ற காய் மந்திரி. ஆட்டம் பாரசீகம் சென்றபோது அக்காய் ‘பர்சீன்’ ஆயிற்று, அரபிலே ‘பிர்சான்’, பழம் பிரெஞ்சிலே ‘பியர்ஜ்’. ஐரோப்பியர் பின்னர் அதனை அரசியாகக் கருதி ‘தாம்’, அதாவது சீமாட்டி, என்றனர். அக்கால மந்திரி, இக்கால அரசியைப் போலப் பலகை முழுவதும் பாயும் ஆற்றலுடையதன்று. மூலைவாட்டாக ஒரு கட்டமே நகரும். அல்கெர்க்கேயின் காய்களைச் சதுரங்கப் பலகையில் வைத்து ஆடத் தொடங்கியோர், அவை மந்திரியைப்போல நகர்தல் கண்டு அப்பெயரையே அவற்றுக்கும் இட்டனர் என்று சதுரங்க வரலாற்றாசிரியர் எச். ஜே. ஆர். மரே 1952இல் வெளியிட்ட நூலிற் கருதுவர். இக்கலப்பு 12ஆம் நூற்றாண்டளவில் தென் பிரான்சில் நிகழ்ந்ததென்பது அவர் துணிபு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பானிய நாட்டின் வலென்சியாவிலே, அரசிக்காய் பேராற்றல் பெற்ற காலத்தில் நிகழ்ந்ததென்பாரும் உளர். எக்கொள்கை வெல்லினும் சதுரங்கத்தோடு இவ்வாட்டத்துக்குள்ள உறவு மறுக்கத்தக்கதன்று.

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, வெட்டக்கூடிய காயை வெட்டியே தீரவேண்டும் என்னும் விதி பிரான்சில் வந்தது. சிறிதாகத் தோன்றும் இவ்விதி ஆட்டத்தின் இயல்பையே மாற்றியது. ஒரு காயை இரையாக வைத்து எதிரியை வலிந்திழுத்து, அவன் விட்ட இடைவெளியில் இரண்டு மூன்றை வெட்டும் சூழ்ச்சி இதனால் பிறந்தது. 1756இல் இலண்டனில் வில்லியம் பெயின் இவ்வாட்டம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முகவுரை எழுதியவர் அகராதி கண்ட சாமுவேல் ஜோன்சன். அறிஞரும் இதனைச் சிறுவர் விளையாட்டென்று புறக்கணித்திலர் என்பது இதனாற் புலனாகும்.

இலங்கையில் வழங்கும் ‘தாம்’ என்னும் பெயர் ஐரோப்பியர் வழி வந்தது. ஆயின் தாண்டி வெட்டும் கோட்டாட்டங்கள் இந்நாட்டுக்குப் புதியனவல்ல. முன்னர்க் குறித்த பாக்கர் இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணிபுரிந்தவர். குளங்களை அளக்கச் சென்ற ஊர்களிலே மக்கள் ஆடிய ஆட்டங்களையும் கேட்டறிந்து 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்னும் நூலிற் பதிந்தார். அவற்றுள் ‘ஹேவாகம் கெலிய’ என்னும் போர்வீரர் ஆட்டம் ஒன்று. அல்கெர்க்கேயின் 25 புள்ளிகளோடு இருபுறமும் முக்கோணங்கள் சேர 37 புள்ளிகள். ஒருவருக்குப் பதினாறு வீரர். வங்காளத்திலே இதுபோன்ற ஆட்டம் முகலாயர், பட்டாணியர் என்னும் இருபடைகளின் பெயரால் வழங்கும். தமிழகத்து ஆடுபுலி ஆட்டத்திலும், எண்ணிற் குறைந்த புலிகள் ஆடுகளைத் தாண்டியே கொல்கின்றன. இவற்றுள் எது எதனைப் பெற்றதென்று துணிதல் எளிதன்று. ஒரே முறை பரந்த நிலப்பரப்பில் வேரூன்றியிருந்தது என்ற அளவே துணியத்தக்கது.

எனவே, இந்நாட்டார் இரண்டு உறவினரை வேறு வேறாக வரவேற்றனர். கோட்டாட்டம் ஊர்வழியே வந்தது. பலகையாட்டம் கடல்வழியே வந்தது. இந்தியாவினின்று புறப்பட்ட மந்திரி, சீமாட்டியின் பெயர் தாங்கித் ‘தாம்’ எனத் திரும்பினான்.

பிற்கால வரலாறும் குறிக்கத்தக்கது. ஆதர் சாமுவேல் என்னும் அமெரிக்கர், ஆடிய ஆட்டத்திலிருந்து தானே கற்குமாறு கணினியைப் பழக்குவதற்கு இவ்வாட்டத்தையே தேர்ந்தார். பின்னர் கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் சேபரும் துணைவரும் 1989 முதல் உழைத்து, இருவரும் பிழையின்றி ஆடின் ஆட்டம் சமநிலையிலேயே முடியுமென 2007இல் நிறுவினர். பலகையில் அமையத்தக்க நிலைகள் 5இன் பின் 20 பூச்சியங்களை இட்டு எழுதும் தொகையின.

இம்முடிவால் வீட்டில் ஆடுவோர்க்கு இழப்பொன்றுமில்லை. பிழையின்றி ஆடுதல் மனிதர்க்கு இயலாதாகலின் வெற்றி தோல்விகள் முன்போலவே நிகழும். உண்மையான இழப்பு வேறிடத்துளது. ஐரோப்பிய ஆட்டத்தைக் காத்தவை ஏடுகள். இந்நாட்டுக் கோட்டாட்டங்களைக் காத்தவை முதியோர் நினைவுகள். ஒருவர் ஊர்தோறுஞ் சென்று கேட்டெழுதியமையாலேயே ஹேவாகம் கெலியவின் விதிகள் நூலேறின. எழுதப்படாதன பல ஆடுவோருடனேயே மறையும். தத்தம் ஊரில் வழங்கும் ஆட்டங்களின் வரைவையும், காய்த்தொகையையும், விதியையும், பெயரையும் முதியோரிடம் கேட்டெழுதிவைத்தல் மாணவர்க்கு எளிதிற் கைகூடும் பணியாகும். வரலாற்றுக்கு அது பெருந்துணை புரியும்.