டிடெக்‌ஷன் கிளப்

துப்பறியும் கதை எழுத்தாளர்கள் கூடிச் சாப்பிட்டுப் பேசுவதற்கென்றே லண்டனில் 1930-இல் தொடங்கிய சங்கம். அந்தோணி பெர்க்லி தம் வீட்டில் சக எழுத்தாளர்களுக்கு அளித்த இரவு விருந்துகளே இதற்கு வித்து. முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டன். டொரோதி சேயர்ஸும் அகதா கிறிஸ்டியும் பின்னாளில் தலைமை வகித்தனர். மேடைப் பேச்சுக்குக் கூச்சப்பட்ட கிறிஸ்டி, பேசுவதற்கு இன்னொருவர் இருந்தால்தான் பதவி ஏற்பேன் என்றார்; கோரல் பிரபு இணைத்தலைவரானார்.

புது உறுப்பினர் சேரும் விருந்துதான் விசேஷம். விளக்குகளை அணைத்து, மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலமாக வருவார்கள். ‘எரிக்’ என்று பெயரிட்ட மண்டையோட்டின் மேல் கைவைத்துப் புதியவர் உறுதிமொழி எடுப்பார். அதன் கண்குழிகளில் சிவப்பு விளக்கு எரியும். தெய்வச் செயலாலோ தற்செயலாலோ மர்மத்தை அவிழ்ப்பதில்லை, முக்கியத் தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைப்பதில்லை என்பதே உறுதிமொழியின் சாரம். வாசகரைச் சமமான போட்டியாளராக மதித்த இந்த நேர்மைதான் சங்கத்தின் பெருங்கொடை.

உறுப்பினர்கள் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதிய ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ நாவல் 1931-இல் வெளிவந்தது. அத்தியாயம் எழுதியவர் தம் மனத்திலுள்ள தீர்வையும் தனியே எழுதித் தர வேண்டும் என்பது விதி. சங்கம் இன்றும் இயங்குகிறது.