கழகம் இல்லாத ஊரின் கோல்வீரர்கள்: சிங்கப்பூர்த் தாக்குதல் ஆட்டக்காரர்களின் தொழில்முறைப் பாதை, 1921–2018

முன்னுரை

இங்கிலாந்தில் ஒரு தாக்குதல் ஆட்டக்காரரின் வாழ்க்கையை எழுத ஒரு பட்டியலே ஏறக்குறையப் போதும்: கழகம், ஆண்டு, ஆட்டங்கள், கோல்கள். அங்கே 1885ல் பணத்துக்கு ஆடுவது விதிப்படி ஏற்கப்பட்டது. 1888ல் லீக் தொடங்கியது. அன்றிலிருந்து ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்தது கழகம்தான். அதே பட்டியலைச் சிங்கப்பூர் ஆட்டக்காரருக்குப் போட்டால் இடையிடையே வெற்றிடங்கள் விழுகின்றன. ஊர் விட்டு ஊர் தாவியவராக அவர் தெரிகிறார். இந்தத் தோற்றத்துக்குக் காரணம் ஆட்டத்திறனா, அமைப்பா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஃபாண்டி அகமது, வி. சுந்தரமூர்த்தி ஆகிய இருவரின் பாதையை வைத்து, அமைப்பே முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சம்பளம் இல்லாத புகழ்

சிங்கப்பூரில் காற்பந்துச் சங்கம் 1892லேயே உருவாகிவிட்டது. ஆனால் அதன்கீழ் ஆடிய குழுக்கள் பெரும்பாலும் சமூகங்களையும் பணியிடங்களையும் சார்ந்தவை. பாலஸ்டியர் வட்டாரத்தில் திடல் வைத்திருந்த இந்தியர் சங்கம் 1923ல் தொடங்கப்பட்டது. 1921ல், எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல் அன்பளிப்பாகத் தந்த கிண்ணத்துக்கான போட்டி (பின்னாளின் மலேசியக் கிண்ணம்) தொடங்கியபோது, மோதியவை கழகங்கள் அல்ல, மாநிலங்கள். முதல் இறுதி ஆட்டத்தில் சிலாங்கூரை 2-1 என்று வென்றது சிங்கப்பூர்.

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகும் தொலைவில் உள்ள ஜாலான் புசார் விளையாட்டரங்கம் 1929 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1973ல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் வரும்வரை பெரிய ஆட்டங்களுக்கு அதுவே முக்கியக் களம். 1977 மலேசியக் கிண்ண இறுதியில் குவா கிம் சோங்கின் கோலால் பினாங்கை 3-2 என்று வென்ற குழுவுக்குத் தலைவர் தற்காப்பு வீரர் சமது அல்லாபிச்சை. காலாங்கில் ஐம்பதாயிரம் பேர் பெயர் சொல்லிக் கத்தினாலும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஆட்டக்காரர்களின் காலம் அது. புகழ் மாநிலச் சட்டைக்கு வந்தது. பிழைப்பு வேறிடத்தில் இருந்தது.

ஃபாண்டி: மற்றவர் விதிகள் வகுத்த பாதை

1980 மலேசியக் கிண்ண இறுதியில் சிலாங்கூருக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டபோது ஃபாண்டிக்கு வயது 17தான் நிறைந்திருந்தது. 1982 முதல் 1984 வரை அந்தப் போட்டியில் சிங்கப்பூருக்கு இடமில்லை. ஃபாண்டி 1982ல் அயாக்ஸ் கழகத்தின் அழைப்பை மறுத்து, கோல்காப்பாளர் டேவிட் லீயுடன் சுராபாயாவின் நியாக் மித்ரா கழகத்துக்குப் போனார். 1983 ஜூன் 16 அன்று அந்நகருக்குச் சுற்றுப்பயணம் வந்த ஆர்சனல் 0-2 என்று தோற்றது. முதல் கோல் ஃபாண்டியுடையது. லண்டன் கழகம் ஒன்றின் வலைக்குள் பந்தைத் தள்ளியவரை இந்தோனேசிய லீக்கால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தது.

அடுத்த நிறுத்தம் நெதர்லாந்தின் குரோனிங்கன். 1983 அக்டோபர் 19 அன்று யூஃபா கிண்ணப் போட்டியில் இன்டர் மிலானை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டாவது கோலை அவர் போட்டார். மறு ஆட்டத்தில் இன்டர் மீண்டெழுந்து குரோனிங்கனை வெளியேற்றியபோதும், சிங்கப்பூரின் நினைவில் தங்கியது அந்த ஒரு கோலே.

நாடு திரும்பும் பாதை மலேசியாவின் கோலாலம்பூர்க் குழு வழியாகச் சென்றது. அக்குழு 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. மூன்று இறுதியிலும் தோற்றது கெடா. கிரேக்கத்தின் ஓ.எஃப்.ஐ. கழகத்தில் சிறிது காலம் ஆடியபின், 1992ல் பாகாங் குழுவுடன் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றார். 1994ல் சிங்கப்பூர்த் தலைவராக அதே இரட்டை வெற்றியை மீண்டும் கண்டார். அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என்று வீழ்த்தியதில் சிங்கப்பூருக்கு ஆடிய அப்பாஸ் சாட் மட்டும் மூன்று கோல் போட்டார்.

1996ல் சிங்கப்பூரின் தொழில்முறை லீக்கான எஸ்-லீக் தொடங்கியபின் ஆடிய கேலாங் யுனைடெட், சிங்கப்பூர் ஆயுதப்படைக் குழு ஆகியவற்றையும் சேர்த்தால் ஃபாண்டி ஐந்து நாடுகளில் எட்டுக் குழுக்களுக்கு ஆடியிருக்கிறார். அவற்றுள் கோலாலம்பூர், பாகாங், சிங்கப்பூர் மூன்றும் கழகங்களே அல்ல, சங்கங்கள் நடத்திய குழுக்கள். அவருடைய பெரிய கிண்ணங்களில் பெரும்பகுதி அந்த மூன்றோடுதான் வந்தது. ‘கழக வாழ்க்கை’ என்ற தலைப்பின்கீழ் அவரை எழுதும்போது மையப்பகுதியே அத்தலைப்புக்குள் அடங்குவதில்லை.

சுந்தரமூர்த்தி: உச்சமும் உடைப்பும்

1965ல் பிறந்த சுந்தரமூர்த்தியை ரசிகர்கள் ‘டாஸ்லர்’ என்று அழைத்தனர். எதிராளியைக் காலடியில் ஏமாற்றிப் போகும் அவருடைய ஆட்டத்துக்குக் கிடைத்த பெயர் அது. அவரும் இதே தடத்தில்தான் போனார்: கெடாவுக்கு ஆடினார், 1980களின் இறுதியில், இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்கும் சென்றார்.

1993ல் சிங்கப்பூர், மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. ஃபாண்டி, மாலிக் அவாப், சுந்தரமூர்த்தி மூவரும் ஊர் திரும்பியதால் அரங்கம் நிரம்பியது. அவ்வாண்டு புருணைக்கு எதிரான ஆட்டத்தில், வலைக்கு முதுகு காட்டி நின்ற சுந்தரமூர்த்தி அந்தரத்தில் எழும்பி, கால் தலைக்குமேல் சுழல, பந்தைப் பின்புறமாக உதைத்து உள்ளே அனுப்பினார். சிங்கப்பூர்க் காற்பந்தில் இன்றும் அதிகம் பேசப்படும் கோல்களில் ஒன்று அது. ஆனால் கிண்ணம் கிடைக்கவில்லை. இறுதியில் சிங்கப்பூரை 2-0 என்று மடக்கியது, அவருடைய முன்னாள் குழுவான கெடா.

1995ல், நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் எழுந்த தகராறையடுத்து சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. 1996 ஏப்ரலில் எட்டுக் கழகங்களுடன் எஸ்-லீக் பிறந்தது. உள்ளூரிலேயே சம்பளத்துக்கு ஆடும் வாய்ப்பு அப்போதுதான் முறையாக வந்தது. ஆனால் கூட்டம் கழகங்களைப் பின்தொடரவில்லை. எழுபது ஆண்டுக்கு மேல் மாநிலத்துக்காகக் கத்திப் பழகிய ரசிகரிடம், பேட்டைக்கு ஒரு கழகம் என்ற ஏற்பாடு அதே சூட்டைக் கிளப்பவில்லை.

இங்கிலாந்தும் தேசிய சேவையும்

2001ல் மான்செஸ்டர் யுனைடெட் சிங்கப்பூர்க் குழுவை 8-1 என்று வென்றபோது அந்த ஒற்றை கோலை இந்திரா சஹ்தான் போட்டார். இங்கிலாந்தோடு உள்ள உறவு பெரும்பாலும் இத்தகைய காட்சி ஆட்டங்களாகவே நீடித்தது. 2016ல் லிவர்பூலின் முன்னாள் வீரர் ஜெர்மெய்ன் பென்னன்ட் தெம்பனிஸ் ரோவர்ஸில் சேர்ந்தார். அப்போது அக்குழுவின் பயிற்றுவிப்பாளர் சுந்தரமூர்த்தி. சிங்கப்பூருக்கு அங்கிருந்து வரும் பாதை திறந்தே இருந்தது. எதிர்த்திசையில், தேசிய சேவை எனப்படும் கட்டாயப் படைப்பணிச் சட்டம் நின்றது. 2018ல் ஃபுல்ஹம் கழகத்தில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற நடுக்கள வீரர் பென் டேவிஸ் தேசிய சேவையைத் தள்ளிவைக்கக் கேட்டார். தற்காப்பு அமைச்சு மறுத்தது. ஐரோப்பியக் கழகங்கள் இளைஞரைச் செதுக்கும் 18 முதல் 20 வரையிலான வயதில்தான் சிங்கப்பூரர் சீருடை அணிகிறார்.

முடிவுரை

சுராபாயாவிலிருந்து ஃபாண்டி கிளம்பியதற்குப் பின்னால் இந்தோனேசியாவின் தடை இருந்தது. 1995ல் மாநிலக் குழுவே இல்லாமல் போனதற்குப் பின்னால் வசூல் தகராறு இருந்தது. எனவே இவர்களுடைய பட்டியலில் உள்ள இடைவெளியை ஆட்டம் சரிந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு. ஒவ்வொரு ஆண்டும் எந்தப் போட்டி திறந்திருந்தது, யார் வெளிநாட்டவரைச் சேர்த்தனர், யார் சம்பளம் கொடுத்தனர் என்ற மூன்றையும் கோல் கணக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும். பின்னாளில் மலேசியப் போட்டிகளுக்குத் திரும்பிய சிங்கப்பூர்க் குழுவான, சுந்தரமூர்த்தி பயிற்றுவித்த லயன்ஸ் XII 2013ல் மலேசிய சூப்பர் லீக்கை வென்றும், 2015க்குப் பிறகு அதற்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பட்டம் வென்ற குழுவுக்கே போட்டியில் இடம் உறுதியில்லாத ஊரில், தனி ஆட்டக்காரரின் கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை எடைபோட முடியாது.