ஆச்சரியக்குறியின் பொருள்: கோட்லின்–ஜாவா எல்லையில் வெற்று மதிப்பு

ஒரே ஆண்ட்ராய்டு செயலியில் கோட்லினும் ஜாவாவும் கலந்திருந்தால், அந்தச் செயலிக்கு ஜாவா அளவு பாதுகாப்புதான் கிடைக்கும் என்ற கருத்து தொடர்ந்து சொல்லப்பட்டு வருகிறது. ஜாவாக் கோப்புகளை எல்லாம் மாற்றி முடிக்கும்வரை வெற்று மதிப்பால் (null) செயலி நின்றுபோவதைத் தவிர்க்க இயலாது என்பது அதன் சாரம். கோட்லின் ஆவணத்தின் ஒரு பகுதியைப் பாதியோடு நிறுத்தி வாசித்ததன் விளைவே இக்கருத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜாவாவிலிருந்து வரும் மதிப்பு வெற்றாக இருக்குமா என்று கம்பைலருக்குத் தெரியாதபோது, அதன் தரவினம் 'ஸ்ட்ரிங்!' என்று ஆச்சரியக்குறியோடு காட்டப்படுகிறது. இத்தகைய தரவினங்களுக்குச் சோதனை தளர்த்தப்படும், அவற்றுக்கான பாதுகாப்பு ஜாவாவில் உள்ள அளவே என்கிறது ஆவணம். மேற்சொன்ன கருத்துடையோர் இதைத் திட்டம் முழுமைக்குமான ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டனர். 'அவற்றுக்கான' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தளர்வு அந்தத் தரவினம் நீடிக்கும்வரை மட்டுமே. அது எவ்வளவு தூரம் நீடிக்கிறது என்பதே கேள்வி.

விடை அந்தக் குறியிலேயே இருக்கிறது. ஆச்சரியக்குறியுள்ள தரவினத்தை நிரலர் தம் கையால் எழுத மொழி இடம்தரவில்லை. பிழைச் செய்தியிலும் எடிட்டர் காட்டும் குறிப்பிலும் மட்டுமே அதைப் பார்க்கலாம். ஆகவே, நிரலர் தரவினம் எழுதாமல் விட்ட இடத்தில்தான் அது குடியிருக்க முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஜாவாவில் எழுதிய 'பயனர்' என்ற இனக்குழுவிடமிருந்து பெயரைப் பெற்று, தரவினம் குறிக்காமல் ஒரு மாறியில் வைக்கிறோம். ஜாவா வெற்று மதிப்பைத் தந்தாலும் அந்த வரி சத்தமின்றி ஓடிவிடும். மதிப்பு வேறொரு கோப்புக்குச் சென்று, அங்கே எழுத்துகளின் எண்ணிக்கையைக் கேட்கும்போது செயலி நிற்கும். பழி அந்த அப்பாவிக் கோப்பின் மேல் விழும். அதே மாறிக்கு 'ஸ்ட்ரிங்' என்று தரவினம் எழுதினால், கம்பைலர் அவ்வரியிலேயே ஒரு சோதனையைச் செருகுகிறது. செயலி அப்போதும் நிற்கும், ஆனால் தவறு நுழைந்த வாசலிலேயே நிற்கும். 'ஸ்ட்ரிங்?' என்று எழுதினாலோ, வெற்று மதிப்புக்கு வழி சொல்லாமல் நீளத்தைக் கேட்கும் வரி கம்பைல் ஆகாது.

எதிர்த்திசையும் இதையே உறுதிசெய்கிறது. கோட்லினின் பொதுச் செயற்கூறு ஒன்றை ஜாவா அழைத்தால், வெற்றாகக் கூடாத அளபுருக்கள் நுழைவிலேயே சோதிக்கப்படுகின்றன. செயற்கூற்றின் அளபுருவுக்குத் தரவினம் எழுதுவதைக் கோட்லின் கட்டாயமாக்கியிருப்பதால் அங்கே காவல் தானாக அமைகிறது. ஜாவா திருப்பித் தரும் மதிப்பை வாங்கும் மாறிக்கு அக்கட்டாயம் இல்லை. ஓட்டை இந்தச் சமச்சீரின்மையில்தான் இருக்கிறது. அதற்கு மொழிக் கலப்பைக் குற்றம் சொல்வது பொருந்தாது.

ஜாவா மதிப்புகள் அனைத்தையும் வெற்றாகக் கூடியவை என்றே கொள்ளும் கடுமையான வழியைக் கோட்லின் 2016இல் வந்த 1.0 பதிப்புக்கு முன்பே முயன்று கைவிட்டது. வீண் சோதனைகள் நிரலை நிறைத்தன. ஆகவே ஆச்சரியக்குறியை அலட்சியத்தின் தடயமாகக் கொள்ள முடியாது. தீர்ப்பை நிரலரிடம் விட்ட முடிவு அது.

எல்லையில் தரவினம் எழுதச் சொன்னால் எழும் தடைகளில், சோதனைகளால் வேகம் குறையும் என்ற தடை பெரிதாக எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. பட்டியலின் உறுப்புகள் பற்றிய தடை வலுவானது. பட்டியலுக்குத் தரவினம் எழுதினாலும் உள்ளிருக்கும் வெற்று உறுப்பு அங்கே பிடிபடாது. ஆவணமே இதை ஒப்புக்கொள்கிறது. அத்தகைய இடங்களில் ஜாவாப் பக்கத்தில் அனோட்டேஷன் எழுதுவதும், உறுப்புகளை வடிகட்டி எடுப்பதுமே வழி.

எல்லாவற்றையும் கோட்லினுக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்பார்க்கு ஒரு நினைவூட்டல். ஆண்ட்ராய்டு கட்டமைப்பின் பெரும்பகுதி ஜாவாவில் எழுதப்பட்டது. நம் கோப்புகளை மாற்றினால் எல்லை இடம்பெயருமே தவிர மறையாது. 2017இல் கோட்லினை அதிகாரப்பூர்வமாக ஏற்ற கூகுள், 2018இல் ஆண்ட்ராய்டு 9க்கான எஸ்டிகேயில் செய்ததும் இதுதான்: ஜாவா நிரலை நீக்காமல், அதன்மேல் வெற்று மதிப்பு அனோட்டேஷன்களைச் சேர்த்தது.

ஆகவே கலப்புத் திட்டத்தை மதிப்பிடுவோர் ஜாவாக் கோப்புகளை எண்ணுவதை விட்டு, எல்லையில் தரவினம் எழுதப்படாத வரிகளை எண்ண வேண்டும்.